மணி அடிக்காத வெள்ளிக்கிழமை

ஜனவரி 21, புதன்

பனி. சிறுமலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர்.

பள்ளிக்கூட மணி இன்று ஓர் அடி குறைவு. முதல் மணிக்கு எப்போதும் ஆறு அடி. இன்று ஐந்துதான். மணி அடிக்கும் அண்ணன் லீவு போலிருக்கிறது. அவர் ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு இடம் விடுவார். இன்றைக்கு அடித்தவர் அவசரக்காரர்.

கடையில் யாரும் கவனிக்கவில்லை. தையல் மெஷின் சத்தத்தில் அந்த மணி எனக்கு மட்டும்தான் கேட்கும்.

புது டைரி. துணிக்கடையில் எங்கள் தையல் கடை ஜெசிந்தா அக்காவுக்குக் கொடுத்தது. "நான் என்னத்த எழுதப் போறேன், அளவு எழுதுறதுக்கே கை வலிக்கிது. நீ வச்சுக்க" என்றது. ஜனவரியில் இருபது நாள் போய்விட்டது. அந்தத் தாள்களில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், வீணாகாது.

இன்றைய வேலை, பீரியட்படி:
1, 2 – ஜாக்கெட் ஹூக் (ஆறு ஜாக்கெட்)
3, 4 – சட்டைகளுக்குக் காஜா
சாப்பாடு
5 – அயர்ன்
6, 7 – சேலைக்கு ஃபால்ஸ்
8 – கூட்டிப் பெருக்கி, நூல்கண்டுகளை அடுக்கி
கடைசி – அ.நோ.

எல்லாம் முடிந்தது. அ.நோ. தவிர.


ஜனவரி 22, வியாழன்

பீரியட் என்று எழுதுவதைத் தேவி பார்த்துவிட்டுச் சிரித்தாள். என் தங்கை, ஆறாவது படிக்கிறாள். "நீதான் ஸ்கூலுக்கே போகலையே, ஒனக்கென்ன பீரியட்டு?" ஒன்பதாவது பாதியில் நின்று ஒரு வருஷம் இரண்டு மாதம் ஆகிறது, டைம்டேபிள் இன்னும் அப்படியே இருக்கிறது எனக்கு. வியாழன்: ஆங்கிலம், கணக்கு, கணக்கு, தமிழ், அறிவியல், வரலாறு, தையல், விளையாட்டு. தையல் வகுப்பில் நான் கடைசி. கைக்குட்டையில் ஒரு ரோஜாப்பூ போடச் சொன்னார்கள், முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. அமலா அதை வாங்கி டீச்சர் பார்க்குமுன் தன் பெட்டியில் ஒளித்து வைத்தாள்.

கணக்கைக் காலையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அப்போது தலை தெளிவாக இருக்கும். அதனால் கஷ்டமான கைவேலையைக் காலையில் வைத்துக்கொள்கிறேன். சாப்பிட்டபின் தூக்கம் வரும், அப்போது நின்றுகொண்டு செய்கிற அயர்ன். இதை யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடம் போட்ட வரிசையிலேயே இருந்தது.

கடைக் கடிகாரம் பொங்கலிலிருந்து நிற்கிறது. அக்கா தினமும் "பேட்டரி வாங்கணும்" என்கிறது. எனக்கு அவசரமில்லை. மணி இருக்கிறது.


ஜனவரி 23, வெள்ளி

முடிச்சு வேலை பலிக்கிறது. இதை எழுதி வைக்க வேண்டும்.

முன்பெல்லாம் அக்காவின் மேஜையில் ஒரே குவியல். யார் வந்து சத்தம் போடுகிறார்களோ அவர்கள் துணி மேலே வரும். சத்தம் போடாதவர்கள் துணி அடியில் கிடந்து சுருங்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. நானும் சத்தம் போடாத ஆள்தான், அதனாலோ என்னவோ.

இப்போது துணி வந்ததும் அதன் ஓரத்தில் ஒரு நூல் முடிச்சு போடுகிறேன். சிவப்பு: இன்றே. மஞ்சள்: நாளை. வெள்ளை: பொறுக்கும். காலையில் முதல் மணிக்கு மஞ்சளையெல்லாம் பார்த்துச் சிவப்பாக மாற்றுவேன். சிவப்பு முடியாமல் மஞ்சளைத் தொடக் கூடாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

இன்றைக்கு ஒரு அம்மா வந்து சத்தம் போட ஆரம்பித்தது. அக்கா முடிச்சைக் காட்டி, "மஞ்சள் போட்டிருக்கு பாருங்க, நாளைக்குத்தான்" என்றது. அந்த அம்மா ரேஷன் கார்டைக் காட்டினதுபோல அடங்கிவிட்டது.

அப்புறம் அக்கா என்னைப் பார்த்து, "ஏண்டி முத்து, எனக்கும் ஒரு செவப்பு நூலக் கட்டி விடு. இன்னைக்கே போய்ச் சேந்துர்றேன்."

"ஒங்களுக்கு வெள்ளைதான்க்கா" என்றேன். வாயைத் திறந்து பேசிவிட்டேன் என்று அக்காவுக்கு ஆச்சரியம்.

அ.நோ. இல்லை.


ஜனவரி 24, சனி

மோசம். இல்லை, மோசம் என்று சொல்ல முடியாது.

ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர். இருபத்து நாலு பாவாடை, பச்சை, அடியில் அரக்கு நிற லேஸ். லேஸ் முழுக்கச் சமிக்கி. மெஷினில் ஓட்டினால் ஊசி ஒடியும், கையால்தான் வைக்க வேண்டும். கைவேலை என்றால் நான். அடுத்த மாதம் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை விழா, அன்று பன்னிரண்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள்.

ஆடப் போகிறவர்கள் பத்தாம் வகுப்பு. என் வகுப்பு.

அளவு கொடுக்க ஆறு ஆறு பேராக வந்தார்கள். சைக்கிள் சத்தம் கேட்டதுமே நான் உடை மாற்றுகிற மறைப்புக்குள் போய்விட்டேன். அக்கா புரிந்துகொண்டு அளவு நோட்டை உள்ளே தள்ளிவிட்டது. அது வெளியே டேப் பிடித்துச் சத்தமாகச் சொல்ல, நான் திரைக்குப் பின்னால் எழுதினேன். ஒவ்வொரு குரலும் யாரென்று தெரிந்தது.

மூன்றாவது கூட்டத்தில் அமலா. "இடுப்பு இருபத்தஞ்சு. நீளம் முப்பத்தெட்டரை." ஒன்பதாவதில் இரண்டு பேரும் ஒரே உயரம். பிரேயரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். நான் என்னை அளந்து பார்த்தேன், முப்பத்தேழு.

அமலா கேட்டாள்: "அக்கா, முத்துலட்சுமின்னு ஒரு புள்ள இங்கதான் வேலை பாக்குதாம்ல?"

திரை இடுக்கில் அக்கா என்னைப் பார்த்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"அது தண்ணி பிடிக்கப் போயிருக்கும்மா."

"வந்தா அமலா கேட்டான்னு சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்."

போனபின் அக்கா: "ஒனக்காவ சனிக்கிழமையும் அதுவுமா பொய் சொல்ல வச்சிட்ட. நாளைக்குப் பூசைக்குப் போனா சாமியார் மூஞ்சியில முழிக்கணும். அந்தப் புள்ளைக்கும் ஒனக்கும் என்னடி?"

ஒன்றுமில்லை என்றேன்.


ஜனவரி 25, ஞாயிறு

கடை இல்லை. அ.நோ. என்றால் அமலாவின் நோட்டு. இங்கே எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன சமயம், இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது எழுதிக்கொள்ள அமலா தன் வரலாற்று நோட்டைக் கொடுத்தாள். "திங்கக்கெழமை கொண்டாந்துரு, டீச்சர் திருத்துவாங்க." அந்தத் திங்கட்கிழமை நான் போகவில்லை. அம்மா எழுந்து உட்காரவே ஒன்றரை மாதம். அப்பா விடியுமுன் பேட்டைக்கு வெங்காய மூட்டை தூக்கப் போய்விடுவார். சமைக்க, தேவியைக் கிளப்ப, துணி துவைக்க ஆள் வேண்டும். அப்புறம் வருகைப் பதிவு போதாது என்றார்கள். அப்புறம் அக்கா கடை.

நோட்டு என் பெட்டியில். முழுப் பரீட்சையை அவள் நோட்டு இல்லாமல்தான் எழுதியிருப்பாள். முதல் வாரம் கொடுத்திருந்தால் சாதாரண விஷயம். ஒரு மாதம் கழித்து வெட்கம். இப்போது என்னவென்றே தெரியவில்லை. அவள் வீடு பத்து நிமிஷ நடை.

தினமும் பட்டியலில் கடைசியாக எழுதுகிறேன். கடைசியில் எழுதினால் கடைசி வரை வராது.

இன்று எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் நாங்கள் விளையாடிய புள்ளிக் கட்டம். கோடு போட்டுக் கட்டம் பிடிப்பது. சில கட்டத்தில் மு, சில கட்டத்தில் அ. வரலாற்று வகுப்பில், டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு கோடு. கடைசி ஆட்டம் பாதியில் நிற்கிறது. என் முறை.


ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் லீவு, மணி இல்லை. கை ஓடவில்லை. காஜாவை எடுத்தேன், வைத்தேன், ஃபால்ஸை எடுத்தேன். நேரம் எங்கே போனதென்று தெரியாமல் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு சிவப்பு முடிச்சு மிச்சம்.

லேஸ் கணக்கு: ஒரு பாவாடைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு நாளைக்கு மூன்று. நாளை ஆரம்பித்தால் எட்டு நாளில் இருபத்து நாலு, நாலாம் தேதி முடியும். ஐந்தாம் தேதி அயர்ன். ஆறாம் தேதி சும்மா கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்.


ஜனவரி 28, புதன்

ஆறு பாவாடை முடிந்தது. கணக்குப்படி.

ஒவ்வொன்றிலும் பெயர் குண்டூசியில் குத்தியிருக்கிறது. ரெஜினா, பரமேசுவரி, சகாயராணி... வருகைப் பதிவு எடுப்பதுபோல இருக்கிறது. பரமேசுவரிதான் வகுப்பில் பாடுவாள். சகாயராணி மதியம் என் டப்பாவிலிருந்து தொட்டுக்க வைத்த வெஞ்சனத்தை எடுத்துத் தின்றுவிட்டு, அவள் டப்பாவைக் காட்டவே மாட்டாள். அவள் பாவாடைக்கும் நன்றாகத்தான் வைத்தேன்.

அமலாவின் பாவாடை குவியலில் மேலே வந்தது. எடுத்து அடியில் வைத்தேன். அதை நிதானமாக, நல்ல வெளிச்சத்தில், வெளியே ஒரு தையல்கூடத் தெரியாமல் வைக்க வேண்டும். முட்டைக்கோஸ் இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும்.


ஜனவரி 30, வெள்ளி

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து. வந்தால் எந்தப் பட்டியலும் நிற்காது. பதினெட்டுக் குடம், இரண்டு டிரம், அண்டா, தேவியின் வாட்டர் பாட்டில்கூட. அம்மா குடம் தூக்கக் கூடாது. தெருவில் ஒரே சண்டை.

"ஏத்தா, ஒங்க கொடம் முன்னாடி எப்படி வந்துச்சு? காலு மொளச்சிருச்சா?"

"காலு மொளச்சு வந்ததுதான். ஒங்களுக்கு வாயி மொளச்ச மாதிரி."

கடைக்குப் போனபோது மதியச் சாப்பாட்டு மணி. ஒரே ஒரு பாவாடை. மொத்தம் பத்து. கணக்கில் இரண்டு குறைகிறது, ஐந்தாம் தேதியில் சரிக்கட்டலாம். அக்கா திட்டவில்லை. திண்டுக்கல்லில் தண்ணீர் வந்த நாளில் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள்.


பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. பத்தொன்பது.

வடமதுரைக்கார அம்மா ஒன்று கல்யாண ஜாக்கெட் நாலு கொடுத்திருக்கிறது. மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், வெள்ளிக்கிழமை வந்து வாங்கும். இப்போதைக்கு வெள்ளை முடிச்சு, காலை மணிக்குக் காத்திராமல் வியாழன் சாயங்காலமே சிவப்பு.

இருபத்து மூன்று பாவாடைக்கு முடிச்சு போட்டிருக்கிறேன். அமலாவுடையதற்கு மட்டும் போடவில்லை. அதை நான் மறக்கப் போகிறேனா?


பிப்ரவரி 5, வியாழன்

இருபத்து மூன்று முடிந்து அயர்னும் ஆயிற்று. பச்சையாக அடுக்கி வைத்திருப்பது வயல் மாதிரி இருக்கிறது.

எட்டாவது பீரியடில் அமலாவுடையதை எடுத்தேன். வெளிச்சம் போதவில்லை. அவசரமாக வைக்க மனமில்லை. நாளை மூன்றாவது பீரியட், ஜன்னலில் வெயில் நேராக விழும் நேரம். ஒரு மணி நேரம் தாராளம்.

"எல்லாம் ஆச்சா?" அக்கா கேட்டது.

"ஆச்சுக்கா." ஒன்றுதானே என்று நினைத்துச் சொன்னேன்.

நாளை:
1, 2 – கல்யாண ஜாக்கெட்டுக்கு ஹூக் (சிவப்பு)
3 – அமலா பாவாடை
12 மணி – கொடுத்து அனுப்ப
கடைசி – நோட்டைப் பாவாடைக் கட்டுக்குள் வைத்து அனுப்பிவிட. நேரில் போகவே வேண்டாம். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.


பிப்ரவரி 7, சனி

நேற்று எழுதவில்லை. நேற்றைய பக்கத்தை விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததும் ஜாக்கெட்டில் உட்கார்ந்தேன். சின்னச் சின்ன ஹூக், பட்டுத்துணி, நூல் இழுத்தால் சுருங்கும். தலை நிமிரவில்லை. மூன்றாவது மணி அடித்ததும் பாவாடையை எடுக்க வேண்டும் என்று அதை மடிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், உள்ளே நோட்டையும். இரண்டு ஜாக்கெட் முடித்தேன். இன்றைக்குக் கை வேகமாக ஓடுகிறது, மணி இன்னும் அடிக்கவில்லையே என்று சந்தோஷம்கூட.

வாசலில் நிழல். எங்களுக்கு வரலாறு எடுத்த டீச்சர். பின்னால் ரிக்‌ஷா.

"துணி எடுத்துக்கலாமா ஜெசிந்தா? பன்னெண்டே கால் ஆயிருச்சு."

எனக்குக் கை நின்றுவிட்டது. ஆண்டு விழா அன்று வகுப்பு ஏது? வகுப்பு இல்லாத நாளில் மணி ஏது? அந்த விழாவுக்குத்தான் பத்து நாளாகத் தைக்கிறேன். குடியரசு தினத்தன்று மணி இல்லையென்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். எனக்குத் தோன்றவே இல்லை.

டீச்சர் எண்ணினார்கள். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினார்கள்.

"அமலாவோடது எங்க?"

அக்கா என்னைப் பார்த்தது. முந்தின நாள் ஆச்சு என்றவள் நான். "இருக்கு டீச்சர். லேஸ் வைக்கல" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"கோலாட்டம்மா அது. ஜோடி ஜோடியா நிக்கணும். நாலு மணிக்கு மேக்கப் போட்டு வரிசையில நிப்பாட்டிருவேன். அதுக்குள்ள வரலேன்னா அமலாவையும் அவ ஜோடியையும் ஒக்கார வச்சிட்டு பதினோரு ஜோடிய ஆட விட்டுருவேன், வேற என்ன செய்றது?" அப்புறம் என்னை உற்றுப் பார்த்தார்கள். "நீ முத்துலட்சுமிதான?"

தலையை ஆட்டினேன். துணிக் கட்டை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாவாடையை எடுக்கப் போனேன். வடமதுரைக்கார அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. எப்போது வந்ததென்றே தெரியாது. "ஏத்தா, என் ஜாக்கெட்டு ரெண்டு இன்னும் கெடக்கே. மூணு மணி பஸ்ஸ விட்டா அங்க பந்தல்காரன் வந்து நிப்பான்."

அக்கா ஜாக்கெட்டைத் தூக்கிச் சிவப்பு முடிச்சை என் கண்ணுக்கு நேராகக் காட்டியது. "இது நீ போட்டதுதான? அதுல முடிச்சு இருக்கா? இல்லேல்ல? மொதல்ல இத முடி."

நான் போட்ட சட்டம். அக்கா ஹூக் வைக்க உட்கார்ந்தால் இரண்டு பேராகச் செய்யலாம், ஆனால் அதற்குக் கிட்டத்துப் பார்வை இல்லை. நானே தைத்தேன். ஹூக் பதினாலு. இரண்டு முறை விரலில் குத்தியது, பட்டில் படாமல் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மா போகும்போது, "பொண்ணுக்குக் கை சுத்தம், வாயிதான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனது.

பக்கத்து மருந்துக்கடையில் எட்டிப் பார்த்தேன், இரண்டு நாற்பது.

லேஸ் பாதிச் சுற்றுதான் வந்திருக்கும், அக்கா மருந்துக்கடையில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. "மூணரை ஆயிருச்சுடி. மீதியக் குண்டூசி குத்தி அனுப்பிருவமா?"

"கால்ல குத்தும்க்கா."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற? நான் கடைய விட்டுட்டுப் போக முடியாது. போனாலும் எனக்கு ஊசியில நூலு கோக்கக் கண்ணு தெரியாது."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பாவாடையை மடித்தேன், ஊசியைத் தாவணியில் குத்தினேன், நூல்கண்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டேன். "செத்த நேரத்துல வாரேன்க்கா."

"மெதுவா வா" என்றது அக்கா.

பள்ளிக்கூட வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். வேப்ப மரத்தில் மணியாக அடிக்கும் தண்டவாளத் துண்டு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வாயில்லாத மாதிரி இருந்தது. யாரும் என்னை நிறுத்தவில்லை. பத்தாம் வகுப்பு அறை, மாடிப் படிக்குக் கீழே, மாறவில்லை. உள்ளே முழுக்கப் பச்சை, பவுடர் வாசனை, சிரிப்பு. அமலா மட்டும் கடைசி பெஞ்சில் சீருடையோடு. பக்கத்தில் பரமேசுவரி, பாவாடை கட்டி, கையில் கோலாட்டக் குச்சியோடு, அழுது முடித்த முகம். அவள்தான் ஜோடி.

நான் பாவாடையை நீட்டினேன்.

அமலா வாங்கி அப்படியே சீருடைக்கு மேலேயே கட்டிக்கொண்டு, அடியிலிருந்த சீருடைப் பாவாடையைக் கழற்றி பெஞ்சில் போட்டாள். லேஸ் பாதி தொங்கியது. சமிக்கி தரையில் உரசியது. அப்புறம் நோட்டையும் பார்த்துவிட்டாள்.

"இது ஒங்கிட்டயா இருந்துச்சு? ஹிஸ்டரில நாப்பத்தொண்ணு வாங்குனேன்டி. எங்கப்பா பெல்ட்ட எடுத்தாரு."

"கொண்டாந்து குடுக்கணும்னுதான் தெனமும்..."

"தண்ணி பிடிக்கப் போயிருந்தியாக்கும்."

பரமேசுவரிக்கு அழுத முகத்தோடு சிரிப்பு வந்துவிட்டது. வெளியே டீச்சர் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள், முதல் ஜோடி, இரண்டாவது ஜோடி. அமலா நோட்டைத் திருப்பினாள், நேராகப் பின்பக்கத்துப் புள்ளிக் கட்டத்துக்கு.

"இன்னும் நீ போடலையா?"

நான் தாவணியிலிருந்து ஊசியை எடுத்து, அவள் காலடியில் உட்கார்ந்து, லேஸ் விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தேன்.